கிறிஸ்துமசுக்குள் ஒரு தக்காளி

கிளெனிஸ் ஆஸ்திரேலியாவின் வடக்கே, வெயில் கொளுத்தும் டவுன்ஸ்வில்லில் பஸ் ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் மகள் டெகனோடு இருக்கலாமென்று தெற்குக் கோடியில் இருக்கும் ஹோபார்ட்டுக்கு வந்து சேர்ந்தாள். வெயிலிலேயே வளர்ந்த உடம்பு. இந்த ஊர்க் குளிர் எலும்புவரை போனது. மகளுக்குப் பாரமாகிவிட்டோமோ என்ற நினைப்பு வேறு உள்ளே அரித்தது. வாழ்நாளில் ஒரு கீரை விதைகூடப் போடாதவள், பொழுது போகாமல் மண்வெட்டி வாங்கினாள். மகள் சிரித்துத் தொலைத்தாள். வந்ததே கோபம் கிளெனிசுக்கு.

"கிறிஸ்துமசுக்குள்ள இந்தத் தோட்டத்துல ஒரு தக்காளி பழுக்கும். இல்லேன்னா நான் ஊருக்கே போயிடறேன்."

"சரி, போ" என்றாள் டெகன். அம்மாவுக்கு ஏற்ற பிடிவாதக்காரி. அந்தச் 'சரி' கிளெனிசைத் தைத்தது.

அங்கே குளிர்காலம் முடிகிற செப்டம்பரில் நாலு நாள் நல்ல வெயில். உடனே நாற்று வாங்கி நட்டுவிட்டாள். பக்கத்து வீட்டு மெர்வின் வேலியில் சாய்ந்து பார்த்தார். அக்டோபர் கடைசியில் விவசாயக் கண்காட்சிக்கென்று விடுமுறை விடுவார்கள். அன்றைக்குத்தான் ஊரே தக்காளி நடும், அதற்கு முன் தொடமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தார்.

"செடிக்குக் காலண்டர் தெரியுமா? எங்க ஊர்ல குளிர்காலத்துலதான் தக்காளியே நடுவோம்."

"உங்க ஊர்க் குளிருக்கு நாங்க வெயில்னு பேரு வச்சிருக்கோம்மா."

அந்த வாரமே உறைபனி விழுந்தது. காலையில் பார்த்தால் அத்தனையும் கருகிக் கிடந்தது. கிளெனிஸ் ஈர மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். தக்காளிக்காக யார் அழுவார்கள்? மகளை விட்டுப் போக வேண்டுமே என்றுதான் அழுதாள்.

கண்காட்சி விடுமுறையன்று தெருவே மண்ணில் முட்டி போட்டிருந்தது. மெர்வின் தன் நாற்றுகளில் கொஞ்சம் வேலிக்கு மேலாக நீட்டினார். 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்ல மனுஷன். இந்தத் தடவை செடிகள் பிழைத்தன. காயும் பிடித்தது. ஆனால் டிசம்பர் முழுக்கக் காய்கள் கல்லுமாதிரி பச்சையாகவே தொங்கின. கெஞ்சினாள், திட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கினாள். வாயை விட்டோமே, இனி எந்த முகத்தோடு இருப்பது?

மறுநாள் காலை செடிகளைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனாள். இலைகளுக்கு நடுவே ஒன்று சிவந்திருந்தது. குனிந்து தொட்டாள். காம்பு பச்சைக் கம்பளி நூலால் கிளையோடு கட்டப்பட்டிருந்தது. அடியில் கடைக்காரன் ஒட்டிய சின்னச் சீட்டு வேறு. மகளுக்கு அதைக் கிழிக்கக்கூடத் தோன்றவில்லை.

சீட்டையும் நூலையும் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டுப் பழத்தோடு உள்ளே போனாள். டெகன் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதிலேயே மும்முரமாக இருந்தாள். கிளெனிஸ் தக்காளியை நறுக்கி ஒரு துண்டை வாயில் போட்டாள். சப்பென்றிருந்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"தேன்."

டெகன் தலை நிமிரவில்லை. "அப்போ போகமாட்டியே?" என்றாள்.

"மிச்சக் காயெல்லாம் பழுக்க வேண்டாமா? யாரு பாத்துக்குவா, நீயா?"