வினிகரைப் பிரித்தெழுதிய நாள்

கல்யாணத்துக்கு முன்பே வேதியியலும் பி.எட்.டும் முடித்தவள் நான். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. ஊர் ஊராக மாற்றலாகிக் கல்கத்தா வந்து சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பத்திரண்டு. படித்ததற்கு அடையாளமாக ஒரு நாள்கூட வேலைக்குப் போனதில்லை. அங்கே பெஹாலா பகுதியில் ஒரு பள்ளி, மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட அழைத்தது. இதுவும் கைநழுவினால் இனி விண்ணப்பமே போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

பாடம், அமிலமும் காரமும் சேரும்போது நிகர அயனிச் சமன்பாடு எழுதுவது. கரைசலில் பிரிந்து கிடப்பவற்றைப் பிரித்து எழுதி, இருபுறமும் மாறாமல் நிற்பவற்றை அடித்துவிட்டால், மிச்சம்தான் உண்மையில் நடந்த வினை. ஒரு வாரம் சமையலறை டைல்ஸில் மார்க்கரால் எழுதிப் பழகினேன். கணவர்தான் மாணவர். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, "புரியுது டீச்சர்" என்பார். ஒரு மண்ணும் புரியவில்லை என்று முகம் சொல்லும். தினமும் முழுதாகப் பிரிந்துவிடும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையே எழுதிக்கொண்டிருந்ததுதான் நான் செய்த முட்டாள்தனம்.

வகுப்பில் முதல் சமன்பாடு நன்றாகவே போனது. கடைசி பெஞ்சில் பிரின்சிபல் அம்மாள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அடுத்தது வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும். பழகிய கை முந்திக்கொண்டது. அமிலத்தையும் இரண்டாகப் பிரித்து, அசிட்டேட்டையும் சோடியத்தையும் அடித்து, பழையபடியே முடித்தேன்.

"மேம், ஓட்டா தோ வீக் ஆசிட்!" என்றாள் இரண்டாம் பெஞ்சுப் பெண், அது வீக் ஆசிட் ஆயிற்றே என்று வங்காளத்தில்.

சரிதான். வலிமை குறைந்த அமிலம் பெரும்பாலும் பிரியாது, அதை முழுதாகத்தான் எழுத வேண்டும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனைகூட இல்லை. காது சூடானது. அந்தப் பெண் மேல் கோபம்கூட வந்தது, பொய் சொல்வானேன்? 'நீங்கள் கவனிக்கிறீர்களா என்று பார்க்கத்தான் தப்பாக எழுதினேன்' என்ற வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. என்னுடைய வாத்தியார்கள் பலரும் அப்படித்தான் தப்பித்தார்கள்.

விழுங்கிவிட்டு, தப்பு என்னுடையது என்று சொல்லி சாக்பீஸை அவளிடம் நீட்டினேன். அவள் எழுதினாள்:

CH₃COOH + OH⁻ → CH₃COO⁻ + H₂O

இந்த முறை ஏன் சோடியம் மட்டும் அடிபட்டது என்று கேட்டேன். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். மணி அடித்த பிறகும் இருவர் விடவில்லை.

பிரின்சிபல் அறையில் ஒரே கேள்விதான். அது வேண்டுமென்றே செய்த தப்பா? இல்லை, பழக்கத்தில் வந்தது என்றேன். சோலி முடிந்தது என்று பையை எடுத்தேன். அவர் சிரித்து, எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள் என்றார். திங்கட்கிழமை முதல் வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் ஈரத்துணியோடு டைல்ஸைத் துடைக்கப் போனார். "கை வச்சீங்கன்னா பாருங்க!" என்று கத்தினேன். பழைய சமன்பாடுகளுக்குக் கீழே அந்தப் பெண் எழுதியதை எழுதினேன். சந்தோஷத்தில் எழுத்து கோணல்மாணலாக வந்தது.

"புரியுதா?"

"இல்ல டீச்சர்," என்றார், முதல்முறையாக. "ஒரு வாரமாவே புரியல."

"உட்காருங்க," என்றேன். "முதல்லேருந்து சொல்றேன்."