கம்பளி ஓரமும் கங்காணியும்

போன சனிக்கிழமை ஹட்டனில் ஒரு கூட்டம். மேடையில் ஒரு பேராசிரியர். நம் உடம்பின் செல்லுக்குள் டிஎன்ஏ என்ற முறுக்கு இழை இருக்கிறதாம். அதில் எந்த ஜீன் வேலை செய்யலாம், எது சும்மா இருக்க வேண்டும் என்று சில புரதங்கள் தீர்மானிக்கின்றனவாம். அவை முறுக்கைப் பிரித்துப் படிப்பதில்லை. வெளியே தெரியும் ஓரங்களைத் தடவிப் பார்த்தே தங்கள் இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்துவிடும்...

பக்கத்திலிருந்தவர் வாயைப் பிளந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிரித்துப் பார்க்காமலே வேலையை நிறுத்துகிற ஆளை நான் அறுபதுகளின் தொடக்கத்திலேயே பார்த்தவனாயிற்றே!

அப்போது ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் நான் மாஸ்டர். எதிரே பெரட்டுக்களம் — காலையில் ஆட்களைக் கூட்டி வேலைக்கு அனுப்பும் இடம். பனிமூட்டத்தில் பெண்கள் தலையோடு கறுப்புக் கம்பளி போர்த்தி நிற்பார்கள். எல்லாம் ஒரே மாதிரி. அடையாளத்துக்கு ஓரத்தில் ஆளுக்கொரு கலரில் நூல் தைத்திருப்பார்கள். ஆட்களை வேலை வாங்கும் மாரிமுத்துக் கங்காணி அந்த ஓரத்தை வைத்துத்தான் ஆளைச் சொல்வார். முகத்தைப் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

செல்லம்மா என்றொரு கைக்குழந்தைக்காரி. வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளை மடுவத்துக்குப் போய்ப் பால் கொடுத்துவர நேரம் கேட்டாள். கங்காணிக்கு மேலே இருந்த கணக்கப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. நாளையிலிருந்து அவளுக்கு வேலை கிடையாது என்று கங்காணியிடம் சொல்லிவிட்டார். வேலை இல்லையென்றால்? அடுப்பு எரியாது. வேறென்ன?

கங்காணியின் மனைவி ராமாயியும் கொழுந்து எடுப்பவள்தான். விஷயம் தெரிந்ததும், தன் மஞ்சள் நூல் கம்பளியைச் செல்லம்மாவுக்குக் கொடுத்து, அவளுடைய சிவப்பு நூல் கம்பளியை வாங்கிப் போர்த்திக்கொண்டாள்.

செல்லம்மா கம்பளியைத் திருப்பி நீட்டினாளாம். "கண்டுபுடிச்சுட்டா என்னக்கா செய்வீங்க?"

"பயப்படாத புள்ள. கல்யாணம் கட்டுன நாள்லருந்து அந்தாளு எம் மூஞ்சிய நிமிந்து பாத்ததில்ல."

பார்க்கவில்லைதான். மறுநாள் காலை மஞ்சள் ஓரம் மலைக்குப் போனது. சிவப்பு ஓரத்தைக் கங்காணி கம்பு நீட்டி மறித்தார். ராமாயி கம்பளியை விலக்கி முகத்தைக் காட்டினாள். பெரட்டே வாயைப் பொத்திச் சிரித்தது. மனுஷன் அசடு வழிந்துவிட்டு அவளை வேலைக்கு விட்டிருக்கலாம் இல்லையா? தள்ளிக் குடை பிடித்து நின்ற கணக்கப்பிள்ளையை ஒருமுறை பார்த்தார்.

"ஒனக்கு வேல இல்ல. லயத்து வீட்டுக்குப் போ" என்றார் — பெண்டாட்டியிடம்!

கணக்கப்பிள்ளைக்கும் திருப்தி. யாரோ ஒருத்தி திரும்பிப் போனாளே, போதாதா? செல்லம்மா அந்த மஞ்சள் ஓரத்திலேயே தொடர்ந்து வேலைக்குப் போனாள். அன்று கங்காணி வீட்டில் ராமாயி உலை வைக்கவில்லை.

பேராசிரியர் இன்னொன்றும் சொன்னார். தவறான இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அந்தப் புரதம் அங்கே அதிக நேரம் ஒட்டிக்கொண்டிருக்காதாம். தானே எழுந்து நகர்ந்துவிடுமாம்.

புரதத்துக்குக் கௌரவம் கிடையாது போலிருக்கிறது!