ஒரு மாத்திரைகூட இல்லாமல்

மைக்கை என் உயரத்துக்கு இறக்கி வைப்பது எப்போதும் அப்பாதான். திருகைத் தளர்த்தி, தண்டைக் கீழே இறக்கி, மறுபடி இறுக்கி, ஆடுகிறதா என்று அசைத்துப் பார்ப்பார். பிறகு என் தோளில் கை வைத்து, "சொல்லும்மா" என்பார். நான் சொல்வேன். ஒன்பது வயதில் எனக்கு வலிப்பு வந்தது, பள்ளிக்கூட வராந்தாவில் விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன், வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார், ஆனால் கர்த்தர் ஒரே ஜெபத்தில் என்னைச் சுகமாக்கினார், ஒரு மாத்திரைகூட இல்லாமல். கடைசி மூன்று சொற்களை நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று அப்பா பழக்கியிருந்தார். அந்த இடத்தில் சபை முழுக்க அல்லேலூயா சொல்லும்.

அப்பா ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். கடைந்து வரும் உதிரிபாகங்களை அளந்து பார்த்து, மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்புவது அவர் வேலை. வீட்டிலும் அதே குணம்தான். வாங்கி வந்த துணியை இன்னொரு முறை அளப்பார், மெக்கானிக் சரிசெய்த ஸ்கூட்டரைத் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்த பிறகே வாயைத் திறப்பார். பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள். அப்பாவும் போவார், கடைசி வரிசையில் உட்கார்ந்து முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வருவார். "இருக்காரு, இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கு ஒண்ணும் காட்டலயே" என்பார்.

எனக்கு வலிப்பு வந்த பிறகு, யாரோ சொன்னார்கள் என்று ஒரு ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் என் தலையில் கை வைத்து நெடுநேரம் ஜெபித்தார். அவர் கை மிகவும் சூடாக இருந்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம். திரும்பி வரும் வழியில் அப்பா சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கால்வாயில் எறிந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துத் தடுத்தும் கேட்கவில்லை. "நம்பினா முழுசா நம்பணும்" என்று அப்பா சொன்னார். அதன் பிறகு எனக்கு வலிப்பு வரவேயில்லை.

அப்பா மாறிப்போனார். கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு வந்தார், பிறகு சபையில் மூப்பரானார். தொழிற்சாலையில் நம்பாதவர்களிடம் வாதாடுவார். அவருடைய வாதம் எளியது: மாத்திரையை நிறுத்தினேன், வலிப்பு வரவில்லை, அளந்து பார்த்தவன் சொல்கிறேன். நானும் அதையே பிடித்துக்கொண்டு வளர்ந்தேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஆபீஸ் கேபில் சக ஊழியர் ஒருவர் விளையாட்டாகக் கேட்டார், எதைக் காட்டினால் கடவுள் இல்லை என்று ஒப்புக்கொள்வாய் என்று. மேம்பாலத்தில் வண்டி நகராமல் நின்றிருந்தது. "எதைக் காட்டினாலும் முடியாது. எனக்கு ஆதாரம் வெளியில இல்ல, இங்க இருக்கு" என்று தலையைத் தொட்டுக் காட்டினேன்.

அப்பா போன வருடம் மாரடைப்பில் இறந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னால்தானம்மா அவர் விசுவாசத்துக்கு வந்தார் என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். வழக்கமாக அம்மாதான் போவாள், அன்று அவளுக்குக் கால்வலி. கடைக்கார பாய் வயதானவர். சீட்டைப் பார்த்துவிட்டு என்னையும் உற்றுப் பார்த்தார்.

"அந்த ஃபிட்ஸ் பாப்பா நீங்கதானா? மாஷா அல்லாஹ், நல்லா இருக்கீங்களா?"

"எனக்கு மாத்திரை எதுவும் கிடையாதே, பாய். வேற யாரையோ சொல்றீங்க" என்றேன்.

"எப்படிம்மா மறப்பேன். உங்கம்மா மாசா மாசம் வந்து வாங்குவாங்க. பேப்பர்ல சுத்திக் குடுங்கன்னு சொல்வாங்க. நீங்க காலேஜ் போற வரைக்கும் வாங்கினாங்களே."

வீட்டுக்கு வந்தபோது அம்மா கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். மார்கழிக் குளிரில் பெங்களூரில் எல்லா வீட்டிலும் அந்த வாசனைதான் இருக்கும். எதிரில் உட்கார்ந்து கேட்டேன். அவள் மறுக்கவில்லை, யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள்போலச் சொன்னாள்.

"ராகிக் கஞ்சியில பொடி பண்ணிப் போடுவேன். வெல்லம் கூடப் போட்டா கசப்பு தெரியாது. அவரு மாத்திரைய எறிஞ்ச மறுநாள் காலையிலயே வாங்கிட்டு வந்துட்டேன். நீ திரும்ப விழுந்துடுவியோன்னு பயம்."

காலையும் மாலையும் அந்தக் கஞ்சியை என் முன்னால் வைத்து, டம்ளர் காலியாகும்வரை நகரமாட்டாள். அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். அது பாசம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கோபம் வந்தாலும், அப்பாவையும் சபையையும் மீறி இவ்வளவு காலம் தனியாக இதைச் செய்திருக்கிறாளே என்ற வியப்பும் வந்தது. பாவம் அப்பா, ஒன்றுமே தெரியாமல் போய்விட்டாரே என்று சொன்னேன்.

அம்மாவின் கை நின்றது. "அவருக்குத் தெரியும்" என்றாள்.

நான் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடம் வலிப்பு வரவில்லை, இனி கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைக் குறைத்து நிறுத்திவிடலாம் என்று அம்மா தனியாகப் போய்ப் பார்த்துவந்த டாக்டர் சொன்னாராம். நிறுத்திய பிறகு அம்மாவால் மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"அடிப்பாருன்னு நெனச்சேன். அடிக்கல. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், ஒருநாளாவது விட்டுப்போச்சான்னு கேட்டாரு. எல்லாம் சொன்னேன். அப்புறம், யாருக்கும் தெரிய வேணாம், அவளுக்கும் வேணாம்னாரு."

"அதுக்கப்புறமும் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டாரே."

"அந்த வாரமே கூப்பிட்டாரு" என்றாள் அம்மா. "நான் அன்னிக்கு கோயிலுக்கு வரல. ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், மற்ற ஞாயிறுகளிலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை. அவர் குரல் தடுமாறியிருக்க வேண்டும், தோளிலிருந்த கை கனத்திருக்க வேண்டும். அப்படி எதுவுமில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அம்மா மறைத்ததற்கு நான் உயிரோடிருக்க வேண்டும் என்பது காரணம். அப்பா மறைத்ததற்கு என்ன காரணம்? மாத்திரை வழியாகவும் கர்த்தர்தான் சுகம் கொடுத்தார் என்று நினைத்தாரோ. அப்படி நினைத்திருந்தால் அதைச் சொல்லியிருக்கலாம், நானும் நம்பியிருப்பேன், நிறையப் பேர் அப்படித்தானே நம்புகிறார்கள். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குத் திரும்பிப் போக அவருக்கு வெட்கமாக இருந்திருக்கலாம். அதைவிட, நான் நம்புவதைப் பார்த்துத்தான் அவர் நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாரோ என்றும் தோன்றும். எப்படியிருந்தாலும், மயிரிழைப் பிசகைத் திருப்பி அனுப்பிய மனிதர் பெற்ற மகளின் வாயில் ஒரு பொய்யை வைத்து, அது பொய் என்று தெரிந்த பிறகும் எடுக்கவில்லை.

ஆதாரம் போனால் கடவுளும் போய்விடுவார் என்று நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. போனவர் அப்பாதான். ஆனால் கடவுளை நான் முதலில் கேட்டதே அப்பாவின் குரலில். ஜெபிக்கக் கண்ணை மூடினால் அந்தக் குரல்தான் வருகிறது, கண்ணைத் திறந்துவிடுகிறேன்.

போன மாதம் சபையிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். எனக்குப் பழக்கமில்லாதவள், மல்லேஸ்வரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவளுடைய பெண் குழந்தைக்கு வலிப்பு. மூப்பர் ஐயாவின் மகள் சுகமான கதையை மாமியார் சொன்னாராம்.

"மாத்திரைய நிறுத்திடலாம்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. எனக்குப் பயமா இருக்குக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடுவேன்."

"நிறுத்தாதீங்க" என்றேன். "நான் மாத்திரை சாப்பிட்டுத்தான் நல்லானேன். அம்மா கஞ்சியில கலந்து குடுத்தாங்க. எனக்கே தெரியாது."

அவள் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா தலையை ஆட்டினாள்.

"ஐயாவுக்கும் தெரியாதுல்ல?" என்றாள் அவள். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். குழந்தைக்கு மாத்திரை கிடைத்துவிடும், அப்பாவின் பெயரும் அப்படியே இருக்கும். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றேன். "தெரிஞ்சேதான் என்னைப் பேச வெச்சாரு."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள் என் அப்பாவுடன் ஒருநாள்கூடப் பேசியதில்லை. ஆனால் அடக்கத்தன்று நான் அழுததைவிட அதிகமாக அழுதாள். அம்மா எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "குழந்தைக்கு என்ன மாத்திரைம்மா, பேர் சொல்லு" என்று கேட்டாள்.