மூன்றாவது பூ

தொண்டாமுத்தூர் பாலுசாமிக்கு யானையிடம் பயமில்லை. தென்னந்தோப்புக்குள் வந்துவிட்டால் தகர டின்னைத் தட்டிக்கொண்டு தனியாகவே போய் விரட்டிவிடுவார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் தரும் ரத்தச் சோதனைத் தாளை வாங்கத்தான் அவருக்குப் பயம்.

மனைவி சாந்தாமணிக்குச் சினைப்பையில் புற்றுநோய். தொண்ணூற்றைந்தில் ஆபரேஷன் செய்து, ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்புவார்கள். சிஏ 125 என்ற அந்தச் சோதனையில் வரும் எண் முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். பதினான்கு, பன்னிரண்டு என்று நல்லபடியாக வந்துகொண்டிருந்தது. தொண்ணூற்றேழு ஆடியில் அறுபத்தெட்டு என்று வந்தது.

“இப்ப வலி, வீக்கம் ஒண்ணுமில்லீங்க. ஆனா ரத்தத்துல முன்னாடியே தெரிஞ்சுரும். அடுத்த வாரம் வாங்க, ஸ்கேன் பண்ணிப்போடலாம். மறுபடி மருந்து வேண்டியிருக்கும்” என்றார் டாக்டர் வரலட்சுமி.

மருந்து என்றதும் பாலுசாமிக்குப் போன தடவை ஞாபகம் வந்தது. முடியெல்லாம் கொட்டி, பச்சைத் தண்ணீர்கூடத் தங்காமல் அவள் கிடந்ததை இன்னொரு முறை பார்க்க அவருக்குத் தெம்பில்லை. அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஆம்பிளை அல்லவா, சொல்லவில்லை. குலதெய்வத்திடம் பூ கேட்கப் போனார்.

வெள்ளைப் பூ ஒன்று, சிவப்பு ஒன்று, தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டார் பூசாரி. வெள்ளை வந்தால் வீட்டோடு இருக்கலாம், சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எடுத்துப் பிரித்தால் சிவப்பு. “இன்னொருக்கா பாருங்க” என்றார் பாலுசாமி. மறுபடியும் சிவப்பு. பூசாரி அவர் முகத்தைப் பார்த்தார். பாலுசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு, “இன்னும் ஒருக்கா” என்றார். வெள்ளை வந்தது.

வீட்டில் அந்த வெள்ளைப் பூவை மட்டும்தான் சொன்னார். “அப்பாடா, பொழச்சேனுங்க!” என்று சாந்தாமணி சிரித்தபோது அவருக்கே அது நிஜமாகத் தோன்றியது. அன்றைக்கு இரண்டு தோசை கூடவே தின்றார், பாவி மனிதர்.

தைக்குள் அவள் வயிறு உப்பிவிட்டது. எண் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. “இத்தன நாளா ஏனுங்க வரல?” என்று டாக்டர் அவரைப் பார்த்துத்தான் கேட்டார். சாந்தாமணி முந்திக்கொண்டு, “சாமி வேண்டாம்னு சொல்லிப்போட்டுதுங்க” என்றாள்.

மாசியில் படுத்த படுக்கையானாள். வயிற்று நீரை இரண்டு முறை எடுத்தும் மூச்சு வாங்கியது. ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்த பாலுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க மாமா, எனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, சாமி மேல கோவிச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போகாம இருந்துபோடாதீங்க. அதென்ன பண்ணும் பாவம், தப்பா சொல்லிப்போட்டுது.”

அம்மன் சரியாகத்தான் சொன்னாள், அதுவும் இரண்டு தடவை. அதைச் சொல்லிவிடத்தான் பாலுசாமி வாயைத் திறந்தார்.

“போறேன் சாந்தா” என்றார்.