விளக்குக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

எங்கள் பஜனை சபையின் பதினோராவது விதி ஒரே வாக்கியம்: 'நடுவில் விளக்கு மட்டும் இருக்கும், விளக்குக்கும் அதைச் சுற்றி வருவோருக்கும் இடையே ஆளோ பொருளோ இருக்கலாகாது.' உட்பிரிவு கிடையாது, விலக்கு கிடையாது. பணிக்காலம் முழுக்க பிறருடைய மனுக்களுக்குப் பதில் எழுதிய அரசு ஊழியன் நான். இவ்வளவு சுத்தமான விதியை வேறெங்கும் கண்டதில்லை.

மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் மணக்கும் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது சபை. பாலக்காட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிப்போன தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடம். சனிக்கிழமை சாயங்காலம் மின்விளக்குகளை அணைத்துவிட்டு, கூடத்தின் நடுவே குத்துவிளக்கை ஏற்றி, பாடிக்கொண்டே சுற்றி வருவோம். காயலிலிருந்து ஈரக்காற்று வரும், சுடர் சாயும். சுவரில் எங்கள் நிழல்கள் எங்களைவிடப் பெரிதாக, எங்களைவிட பக்தியோடு சுற்றும். கொஞ்ச நேரத்தில் கால்கள் நம்முடையவை அல்ல என்று தோன்றிவிடும். கடவுளைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் எதுவும் இல்லை. அந்தச் சுற்று பிடிக்கும்.

சாமியார் ஒருவர் ஆலுவாப் பக்கத்திலிருந்து வந்தார். நல்ல குரல். முதலில் எங்களோடு சுற்றினார். பிறகு முழங்கால் வலி என்று சுவரோரம் உட்கார்ந்தார். விருந்தாளி தரையில் உட்காருவதா என்று செயலாளர் ஒரு பிரம்பு நாற்காலி கொண்டுவந்து போட்டார். சுவரோரம் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று நாற்காலி சற்று உள்ளே வந்தது. பிறகு இன்னும் சற்று. தள்ளி உட்காரச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. மரியாதை எங்கள் பரம்பரை வியாதி. ஒவ்வொரு வாரமும் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டோம். ஒரு சனிக்கிழமை பார்த்தால், விளக்கோடு சேர்த்து அவரையும் சுற்றிக்கொண்டிருந்தோம். யாரும் தீர்மானம் போடவில்லை.

என் அக்கா என்னோடுதான் இருக்கிறாள். கணவர் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் நோய் அவளுக்கு. காலையும் மாலையும் சொட்டு மருந்து. ஓணம் முடிந்த சமயம், பஜனை நடுவில் அவள் சொன்னாள்: "விளக்கைச் சுத்தி வானவில் மாதிரி ஒரு வட்டம் தெரியறது."

சாமியார் நாற்காலியிலிருந்து கைகூப்பினார். "அம்மாவுக்கு தரிசனம் கிடைச்சாச்சு. இனி அந்தக் கண்ணுக்கு மருந்து வேண்டா. மருந்து ஒளியைக் கெடுக்கும்."

அடுத்த வாரம் பொருளாளருக்கும் வட்டம் தெரிந்தது. மாதக் கடைசியில் சபையில் வட்டம் தெரியாதவர்கள் இரண்டே பேர்: நானும், எப்போதும் கண்ணை மூடிக்கொண்டே வாசிக்கும் ஆர்மோனியக்காரரும்.

"அக்கா, வட்டம் தெரிஞ்சா உடனே வரச் சொல்லித்தானே டாக்டர் சொன்னார்? அழுத்தம் ஏறறதாக்கும் அது."

"உனக்கு எப்பவும் சட்டமும் டாக்டரும்தான். சின்ன வயசுலேர்ந்து சுத்தறேன், இப்பதான் ஒண்ணு தெரியறது. அதையும் வியாதின்னுட்டா எனக்கு மிச்சம் என்னடா?"

மறுநாள் முதல் தினமும் காலையில் மருந்துக் குப்பியோடு அவள் முன்னால் நின்று, "விடட்டுமா?" என்பேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பதினோராவது விதியை மேற்கோள் காட்டி, நாற்காலியை அகற்றக் கோரி சபைக்கு மனு கொடுத்தேன். சாயாக்கடையில் செயலாளர் எதிர்ப்பட்டார்.

"சாரே, பெட்டிஷன் கிட்டி. கமிட்டி கூடட்டும்."

"எப்போ கூடும்?"

"சாமிகிட்ட நல்ல நாள் கேக்கணுமில்லையா?"

நாற்காலியை எடுக்க, நாற்காலியில் இருப்பவரிடமே நாள் குறிக்கும் நடைமுறை எங்கள் அலுவலகத்தில்கூட இருந்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை, வெளியே மழை. அக்கா சுற்றி வந்துகொண்டிருந்தாள். வலது பக்கம் இருந்த நாற்காலிக்கால் அவளுக்குத் தெரியவில்லை. தடுக்கி விழுந்தாள். பாட்டு ஒரு கணம் தளர்ந்தது. சாமியார் கையை உயர்த்தினார். "பாட்டு நிக்கப்படாது." நிற்கவில்லை. நாற்காலிக்காக வளைந்து பழகிய வட்டம், அக்காவுக்காகவும் வளைந்துகொண்டது. நிழல்கள் அவள் மேல் ஏறி இறங்கிப் போயின. வரிசையை உடைத்துக்கொண்டு போய் நான்தான் தூக்கினேன்.

எறணாகுளத்தில் கண் டாக்டர் ஒரு இளம்பெண். வட்டம் எப்போதிலிருந்து தெரிகிறது என்று கேட்டாள். "ஓணத்திலேர்ந்து," என்றாள் அக்கா, சற்றே பெருமையாக. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். வலது கண்ணில் போன பார்வை திரும்பாது, மருந்தை ஒழுங்காக விட்டால் இடது கண் தப்பும் என்றாள்.

திரும்பும்போது படகில் அக்கா கேட்டாள்: "மருந்து விட்டா வட்டம் போயிடுமோ?"

"போயிடும்."

"அப்போ பகவான்?"

"அது என் இலாகா இல்லை, அக்கா."

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காலையும் குப்பியோடு நின்றேன். ஜன்னல்தான்.

திருக்கார்த்திகை வந்தது. வாசலில் அகல்களைத் தடவித் தடவி அவளே ஏற்றினாள். பிறகு ஒரு விளக்கைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு மின்விளக்கை அணைத்தாள். ஒரு கையை முன்னால் நீட்டியபடி, மெல்லப் பாடிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தாள். கை எதிலும் இடிக்கவில்லை. தெருவெல்லாம் சின்னச் சின்ன வெளிச்சங்கள். வீடே காயலில் மிதப்பது போலிருந்தது.

"என்னடா வாட்ச்மேன் மாதிரி நிக்கறே? வா."

நானும் சுற்றினேன். பாட்டு முடிந்ததும் கேட்டாள்: "அன்னிக்கு நான் விழுந்தப்போ, எல்லாரும் என்னைச் சுத்திண்டு போனா, இல்லையா?"

"ஆமாம்."

"நன்னாத்தான் பாடினா." கொஞ்ச நேரம் சுடரைப் பார்த்தாள். "தரையில கிடந்துண்டு விளக்கைத் தேடினேன். நாற்காலிதான் தெரிஞ்சது. வட்டமும் இல்லை, விளக்கும் இல்லை."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை அகலத் திறந்து முகத்தை மேலே தூக்கினாள்.

"விடு."

சபையிலிருந்து எனக்கு இன்றுவரை பதில் இல்லை. அக்காவின் பதில் வந்த தேதி திருக்கார்த்திகை.