பால் குடுத்த உம்மா

காது குடைகிற பஞ்சுக் குச்சியைவிட இரண்டு மடங்கு நீளம், ஒரு முனையில் மட்டும் பஞ்சு. காகித உறையைப் பிரித்து, கன்னத்தின் உட்புறத்தில் வைத்து மெல்ல உருட்டி, பஞ்சு முனையைச் சின்னக் குழாய்க்குள் முறித்துப் போட்டு மூட வேண்டும். சென்ற வாரமும் கல்முனையில் ஒரு மண்டபத்தில் இதைத்தான் செய்து காட்டினேன், சமூகப்பணி ஆய்வுக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு. ஒருவர் வாய்க்குள் ஒருவர் குச்சியை விட்டுக் கூச்சத்தில் சிரித்துக்கொண்டார்கள். பல வருடங்களுக்கு முன், எங்கள் பயிற்சியின் முதல்நாள் நாங்களும் அப்படித்தான் சிரித்தோம். அந்தக் குச்சியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், முன்பல் ஒன்று பாதி உடைந்த ஒரு வாய் எனக்கு நினைவுக்கு வரும். அந்த வாய்க்குரியவரை நான் ராத்தா என்று கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் நம்மைவிட மூத்த பெண்கள் எல்லோரும் ராத்தாதான். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. அவருக்கு இனி நான் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்துக்கு வராத ஆய்வு இல்லை. கேள்விக்கொத்தோடு யாராவது படலையைத் திறந்தால், எங்கள் சனங்கள் பிளாஸ்டிக் கதிரையை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றி, கேட்கும் முன்பே பதில் சொல்லப் பழகிவிட்டார்கள். வீட்டில் யார் யார் மௌத்து, உடல் கிடைத்ததா, எத்தனை மணிக்கு அலை வந்தது, ராவில் நித்திரை வருகிறதா. நானும் கேட்டிருக்கிறேன். கேட்டதை எழுதிக்கொண்டு வந்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, வீட்டில் சோறு சாப்பிட்டிருக்கிறேன். வடக்கில் யுத்தம் முடிகிற தறுவாயில் இருந்தபோது வந்தது எச்சில் ஆய்வு. ஒரே அலையில் ஒரே மாதிரி எல்லாவற்றையும் இழந்த இரண்டு தாய்மாரில் ஒருத்தி எழுந்து நடக்கிறாள், மற்றவள் அப்படியே படுத்துவிடுகிறாள். இது வறுமையாலா, துணையில்லாததாலா, உடம்போடு பிறந்த ஏதோவொன்றாலா, அது பிள்ளைக்கும் போகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அதனால் கதை கேட்கிற எங்களுக்கே எச்சில் எடுக்கவும் பழக்கினார்கள்.

பழக்குவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு மேடம் வந்தார். நல்ல மனுசி. எங்களை ஒருநாளும் மட்டமாக நடத்தியதில்லை. பலகையில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு மேலே ஒரு கோடு என்று போட்டுக் காட்டி, குடும்ப வரைபடம் வரையச் சொன்னார். நாங்கள் எங்கள் எங்கள் குடும்பத்தை வரைந்தோம். அலைக்குப் பின்னான எங்கள் தாள்கள் முழுக்கக் கோடு. மேடம் மேசை மேசையாக வந்து பார்த்தவர், பிறகு சன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். சம்மதம் கேட்பது எப்படி, வேண்டாம் என்று சொல்லும் உரிமையை விளக்குவது எப்படி, பெயருக்குப் பதிலாக எண் ஒட்டுவது எப்படி என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லித் தந்தார். அவர் அடிக்கடி சொன்னது ஒன்று உண்டு. “மனிதர் மறந்து சொல்லுவார்கள், கூட்டிச் சொல்லுவார்கள். எச்சில் பொய் சொல்லாது.”

கேள்விக்கொத்தைக் கொழும்பில் யாரோ தமிழாக்கி அனுப்பியிருந்தார்கள். முதற்பக்கத்திலேயே “நீங்கள் இப்பிள்ளையின் உயிரியல் தாயா?” என்று இருந்தது. எங்களுக்கு உயிரியல் என்றால் பள்ளிக்கூடத்தில் தவளை அறுக்கிற பாடம். மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், வேறு எப்படிக் கேட்பது என்று மேடம் கேட்டார். பெற்ற தாயா என்று கேட்கலாம் என்றார் ஒருவர். ஒரு பெண்ணின் வீட்டில் அவள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, இது நீ பெற்றதுதானா என்று கேட்டால், விளக்குமாற்றை எடுப்பாள் என்றேன் நான். பிறகு, என் கெட்டித்தனத்தில் எனக்கே மகிழ்ச்சி பொங்க, “பால் குடுத்த உம்மா” என்று போடலாம் என்றேன். எங்கள் உம்மாமார் பிள்ளைகளை ஏசும்போது, நான் ஒனக்குப் பால் குடுத்த உம்மா என்றுதான் தொடங்குவார்கள். அதைக் கேட்டு யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள். மேடம் கைதட்டினார். எல்லாப் படிவங்களிலும் என் சொல் ஏறியது.

அந்த மண்டபத்தில் இருந்த பாதிப்பேர் முஸ்லிம் வீடுகளில் பிறந்தவர்கள். பெறாத பிள்ளைக்குப் பால் கொடுத்தாலும் அது பிள்ளைதான், அந்த உறவில் கலியாணம்கூடக் கூடாது என்பது மதரசாவில் ஓதுகிற வயதிலேயே எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஒருவருக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை. எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ராத்தாவின் வீடு, கடலை விட்டுத் தள்ளி வயல்பக்கமாகக் கட்டிக்கொடுத்த வீட்டுத் திட்டத்தில் இருந்தது. கடற்கரையோரத்தில் அவருக்கு இருந்தது உம்மா வீட்டுச் சீதன வளவு. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் ஒரே வளவில் இருந்த உம்மா, வாப்பா, தங்கச்சி, மாமி வீடு எல்லாம் ஒரே காலையில் போய்விட்டது. மிஞ்சியது ராத்தா, அவருடைய கணவர், ஐந்து வயதாகப்போகிற மகள். கணவர் அப்போது சவூதியில் இருந்ததால் தப்பினார். நான் போனபோது அவர் முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். உள்ளே தொலைக்காட்சியில் யுத்தச் செய்தி ஓடியது. படிவத்தைப் பார்த்து, “நீங்கதான் இந்தப் புள்ளைக்குப் பால் குடுத்த உம்மாவா?” என்று கேட்டேன். ராத்தா மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, “ஓம், நான்தான்” என்றார். எவ்வளவு நிறைவாகச் சொன்னார் என்பது இப்போதும் காதில் இருக்கிறது. குச்சியை வாயில் வைத்தபோது மகள் கூச்சத்தில் நெளிந்தாள். ராத்தா அவளுக்குக் காட்டுவதற்காகத் தன் வாயை முதலில் ஆவென்று திறந்தார்.

இரண்டு மாதம் கழித்து மேடம் ஃபோன் எடுத்தார். என் பகுதியில் ஒரு சோடி பொருந்தவில்லையாம். அந்தத் தாயும் பிள்ளையும் தாயும் பிள்ளையுமாக இருக்க முடியாதாம். குழாய் மாறியிருக்குமா, போய்ப் பார்த்துச் சொல் என்றார். எண்ணைக் கொண்டு வீட்டைத் தேடினால், ராத்தாவின் வீடு.

நான் பின்னேரம் போனேன். கணவர் அறுவடைக்காகச் சவளக்கடைப் பக்கம் போயிருந்தார். மகள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் குழாய் ஏதும் மாறிப்போயிருக்குமோ என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். ராத்தா என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அந்த எச்சி காட்டிக் குடுத்திட்டா?” என்றார்.

அவரே சொன்னார். “நீங்க என்ன கேட்டீங்க தங்கச்சி? பால் குடுத்த உம்மாவா எண்டு கேட்டீங்க. நான் ஓம் எண்டன். அல்லாட மேல ஆணையா நான் பொய் செல்லல்ல.”

அலை வந்தபோது, அவர் பெற்ற மகளுக்குப் பிறந்து நாற்பது நாள் அப்போதுதான் கழிந்திருந்ததாம். அலை கையிலிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் நாள் பள்ளிக்கூட அகதி முகாமில், பால் கட்டி நெஞ்சு கல்லாகி, காய்ச்சலில் கிடந்திருக்கிறார். யாரோ ஒரு ஆள் ஒரு பச்சைக் குழந்தையைக் கொண்டுவந்து, “புள்ளைக்குப் பாலில்ல, கொஞ்சம் குடுங்க” என்று கையில் தந்துவிட்டு, திரும்பி வருகிறேன் என்று போனார். வரவில்லை. “ஒரு நாள் பாத்தன், ரெண்டு நாள் பாத்தன். பொறகு வந்திரப்படாதே எண்டு துஆ கேட்டன். அத நெனச்சாத்தான் எனக்குப் பயம் தங்கச்சி. பெத்தவ ஹயாத்தா, உசிரோட இருந்து தேடினாளோ, ஆருக்குத் தெரியும்?” கணவர் வந்து சேர மூன்று மாதம் ஆனது. கண்ணூறு பட்டுவிடும் என்று குழந்தையைப் படம் எடுத்து அனுப்பாத வீடு அது. அவர் தன் மகளை அதற்குமுன் கண்டதே இல்லை. முகாம் வாசலில் குழந்தையை வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டு அழுதாராம். சொந்தமென்று கேட்கவும் சொல்லவும் வேறு யாரும் மிஞ்சியிருக்கவில்லை. “அந்த நேரத்தில நான் என்னண்டு செல்லுவன், ஒங்கட புள்ள மௌத்தாப் போச்சு எண்டு?”

ஒருவருக்கும் தெரியவராது என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் மேடத்திடம், குழாய்களை நான்தான் மாற்றிப் போட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். எச்சில் பொய் சொல்லவில்லை, ராத்தாவும் சொல்லவில்லை. அந்த முழு ஆய்விலும் பொய் சொன்னவள் நான் ஒருத்திதான். அதை ஒரு தியாகம்போல நினைத்துக்கொண்டு அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். வெட்கமாக இருக்கிறது.

மேடம் ஏசினார், ஆனால் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. பிழை என் கையில் நடந்தது என்பதால் அந்த வீட்டுக்கு இன்னொரு உத்தியோகத்தரை அனுப்பி, புதிதாக எச்சில் எடுக்க முடிவு செய்தார். ஆய்வின் இரண்டாம் கட்டம் தொடங்கியிருந்தது. அதில் தகப்பன்மாரிடமும் எடுக்க வேண்டும். அந்த உத்தியோகத்தர் போன நேரம் ராத்தாவின் கணவர்தான் வீட்டில் இருந்தார். சந்தோசமாகச் சம்மதித்து, வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மூன்று பேரும் வீட்டில் இருப்போம் என்று நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை ராத்தா என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. “வாப்பாட எச்சியும் எடுத்தா எல்லாம் பொத்துக்கிட்டு வந்திருமே?” என்று கேட்டார். முடிவுகளை வீட்டுக்காரருக்குக் கொடுக்கமாட்டார்கள், எண்ணைத் தவிரப் பெயர் எங்கும் இருக்காது என்றேன். “நீங்களும் அப்பிடித்தானே சென்னீங்க. பொறகு என்ட கதவத் தட்டினீங்க” என்றார். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது ராத்தா, படிவத்திலேயே அது எழுதியிருக்கிறது என்று, பயிற்சியில் மனனம் செய்ததை ஒப்பித்தேன். “நான் வேணாம் எண்டா, ஏன் வேணாம் எண்டு அவரு கேப்பாரே. அதுக்கு ஒங்கட படிவத்தில என்ன எழுதிக் கெடக்கு?”

அன்றைக்கே மேடத்துக்கு ஃபோன் எடுத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் அந்தச் சோடியை ஆய்விலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருப்பார். பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார். நான் சொல்லாததற்கு ராத்தாவின் இரகசியம் மட்டும் காரணம் இல்லை. உண்மையைச் சொன்னால், கைதட்டு வாங்கிய என் சொல்தான் பிழை என்று சொல்ல வேண்டும். எத்தனை படிவங்களில் அது அச்சாகியிருந்தது! நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். வியாழன் போனது. வெள்ளிக்கிழமை அந்த உத்தியோகத்தர் போனபோது, ராத்தாவையும் மகளையும் காணவில்லை என்று வீட்டு வாசலில் சனம் கூடியிருந்தது.

யுத்தம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்ன வாரம் அது. சந்திகளில் வெடி கொளுத்தினார்கள். ஆட்டோக்களில் கொடி பறந்தது. வடக்கில் ஆட்களை இழந்தவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். அவர்கள் கோப்புக்குள் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்தார்கள். ஒரு தாயும் பிள்ளையும் காணாமற்போனால் அன்றைய நாளில் ஊர் சொல்வதற்கு நிறையக் காரணங்கள் இருந்தன. வெள்ளை வானில் வந்து தூக்கியிருப்பார்கள் என்றார்கள், காசுக்காகக் கடத்தியிருப்பார்கள் என்றார்கள், சிலர் வாய்கூசாமல் வேறு மாதிரியும் கதைத்தார்கள். ஒரு பஞ்சுக் குச்சிக்குப் பயந்து ஒருத்தி பிள்ளையோடு ஊரைவிட்டு ஓடுவாள் என்று யாருக்கு நினைக்கத் தோன்றும்?

கணவர் ஒருநாள் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். பொலிசில் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. காணாமற்போவதற்கு இரண்டு நாளைக்கு முன் ராத்தா என் வீட்டுப் பக்கம் போனதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“ஒங்களுக்கிட்ட என்ன மிஸ் கதச்சா? கோவிச்சிட்டுப் போற பொம்பிள இல்ல அவ. நான் ஒரு ஏச்சு ஏசினதில்ல.”

ஆய்வைப் பற்றித்தான் கேட்டார் என்றேன். உண்மைதானே. அவர் நம்பினார். எல்லா ஊர்களுக்கும் எங்கள் உத்தியோகத்தர்கள் போவதால் எங்காவது கண்டால் சொல்லச் சொல்லி, சேட்டுப் பொக்கட்டிலிருந்து மகளின் பாலர் பாடசாலைப் படமொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரே ஒரு படம்தான் இருக்கிறது, தர முடியாது, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார்.

“பாருங்க மிஸ். மூக்கு அப்பிடியே என்ட மூக்கு. எங்க கண்டாலும் ஒங்களுக்கு வெளங்கும்.”

ஓம் என்றேன். அவருடைய மூக்குத்தான் என்றேன்.

அவர் சில வருடம் தேடினார். பிறகு மறுபடியும் சவூதிக்குப் போனதாகக் கேள்வி. இப்போது நான் பழக்கும் பிள்ளைகளின் படிவத்தில் பெற்றதா, வளர்த்ததா என்று தனித்தனியாக இருக்கிறது. சொல்ல விருப்பமில்லை என்றொரு கட்டமும் நான் சண்டைபிடித்துச் சேர்த்தது. அந்தக் கட்டம் எதற்கு மிஸ் என்று சென்ற வாரம் ஒரு பிள்ளை கேட்டாள். தேவைப்படும் என்று மட்டும் சொன்னேன். உயிரோடு இருந்தால் ராத்தாவின் மகளுக்கு அந்தப் பிள்ளையின் வயதுதான் இருக்கும். கல்முனைச் சந்தையிலோ பொத்துவில் பஸ்ஸிலோ அந்த வயதுப் பெண் யாரைக் கண்டாலும் என் கண் முதலில் மூக்குக்குத்தான் போகிறது. அந்த மூக்கு அவளுக்கு வந்திருக்க வழியே இல்லை என்று அறிந்தவர் இரண்டே பேர். அதில் ஒருத்தி நான். ஆனாலும் பார்க்கிறேன்.