வாசிகசாலைக்கு ஒரு நாள்

பட்டின சபையில் எங்கள் கோரிக்கையை ஒருவரும் எதிர்க்கவில்லை. இதைச் சொன்னால் இப்போதும் யாரும் நம்புவதில்லை.

துறைமுகத்துக் கடற்படைத் தளத்தை விட்டு வெள்ளைக்காரர் கப்பலேறிப் போன காலம். என் சிநேகிதியின் அப்பாவுக்கு அங்கிருந்த வேலையும் அவர்களோடு போய்விட்டது. வீடு ஒற்றை அறை; கைக்குழந்தை முதல் எல்லோரும் அதற்குள்தான். எஸ்.எஸ்.சி. சோதனையில் கணக்கில் தவறிய அவள் மறுபடி எழுத வேண்டுமானால், இருந்து படிக்க ஓரிடம் வேண்டும். இல்லாவிட்டால் கந்தளாயில் மாமி வீட்டுக்கு அனுப்பி, அங்கேயே கலியாணத்தையும் முடித்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். சபைக் கூட்டம் வரைக்கும் பொறுப்பதாகவும் சொன்னார்.

சபையின் வாசிகசாலையில் மேசை, கதிரை, மின்விளக்கு எல்லாம் இருந்தன. ஆம்பிளைகளும் இருந்தார்கள். அதனால் கிழமையில் ஒரு பின்னேரமாவது பெண்பிள்ளைகளுக்கு மட்டும் திறந்துவிடும்படி கேட்க எங்கள் வகுப்பிலிருந்து சிலர் போனோம். அவளும் வந்தாள்.

தலைவர் எங்களுக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னார். "நல்ல விசயம். எந்த நாள் வைப்பம்?" என்றார்.

சிவன் கோயில் ஆளான ஓர் உறுப்பினர், "வெள்ளி வேண்டாம், முஸ்லிம் பிள்ளையளுக்கு ஏலாது" என்றார். முஸ்லிம் உறுப்பினர், "செவ்வாயும் வேணாம், சைவப் பிள்ளையள் கோயிலுக்குப் போறவை" என்றார். புதன்கிழமை மாதா கோவிலில் நவநாள் என்று இருவருமே நினைவூட்டினார்கள். அதில் நெகிழ்ந்துபோன கத்தோலிக்க உறுப்பினர், மற்றவர்களின் விரதங்களையும் ஓதல்களையும் யோசித்து யோசித்து மிச்ச நாட்களை வெட்டினார். ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காத மனிதர்கள். கடைசியில் கிழமையில் நாளே மிஞ்சவில்லை. அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று எழும்பிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஒன்றுமே வரவில்லை. கடற்கரை வீதியால் அவளோடு மரக்கட்டைபோல நடந்தேன்.

"எனக்கு எந்த நாளெண்டாலும் சரிதான்" என்றாள் அவள். "என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே."

வீட்டு வாசலில் அவளுடைய அப்பா நின்றார். "என்னவாம்?"

"எல்லாருக்கும் நல்ல விருப்பமாம், அப்பா. அடுத்த கூட்டத்தில பாப்பினமாம்."

அவர் தலையாட்டினார். "விடியக் கந்தளாய் பஸ் இருக்கு" என்றார். குரலில் கோபமில்லை.

அவள் உள்ளே போய்க் கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.